தாத்தா போகாத இம்பால்



எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. சப்பானியர் காலத்தில் தாத்தா நேதாஜியின் படையில் சேர்ந்தார். பர்மா வழியாக இம்பால் வரை நடந்து சென்று வெள்ளைக்காரனோடு போரிட்டார். படை தோற்ற பிறகு மீண்டும் நடந்தே கூலிம் வந்து சேர்ந்தார். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் என் தந்தையார் இக்கதையைச் சொல்லாமல் இலையை விட்டு எழுந்ததில்லை. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. பள்ளியில் சப்பானியர் ஆட்சிக்காலப் பாடம் நடத்தும்போதெல்லாம் நானும் சற்றுப் பெருமையோடு அதைச் சேர்த்துக்கொள்வேன்.

ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையை உயர்த்திக் கேட்டாள்.

“டீச்சர், உங்க தாத்தா இம்பாலுக்கு எந்த வருசம் போனாரு?”

எந்த நிகழ்வைப் படித்தாலும் முதலில் ஆண்டைக் கேளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். எனக்கு விடை தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேம்மா” என்றேன். அந்த ‘நாளை’ வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா பால் மரம் வெட்டிய தோட்டத்தின் ஒரு பகுதி இன்று கூலிம் ஹைடெக் பூங்காவின் வேலிக்குள் இருக்கிறது. 1996இல் திறக்கப்பட்ட இப்பூங்கா மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா. கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. என் மாணவர்களில் பலருடைய பெற்றோர் அங்கேதான் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். லயங்கள் இருந்த இடம், பெரட்டுக்களம், கிராணியார் வீடு, கள்ளுக்கடை எதுவும் மிச்சமில்லை. பெரிய சாலையில் ஒரு வளைவு வரும்போது அத்தை மட்டும் “இங்கதாம்மா கெணறு இருந்துச்சு” என்பார். நான் காரின் வேகத்தைக் குறைப்பேன். பார்ப்பதற்கு அங்கே புல்வெளிதான் இருக்கும்.

தாத்தா 1998இல் காலமானார். நான் சிறுமியாக இருந்தபோது பேரப்பிள்ளைகள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நடக்கப் பழக்குவார். “தேஸ் சல்!” என்றால் வேகமாக நடக்க வேண்டும். “தாகினே முட்!” என்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவை தாத்தா தாமே இட்டுக்கட்டிய சொற்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கழக விடுதியில் என்னோடு தங்கியிருந்த பஞ்சாபித் தோழியிடம் விளையாட்டாக அதைச் சொல்லிக்காட்டினேன். “இதை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? இது இந்துஸ்தானி ஆயிற்றே!” என்று அவள் வியந்தாள்.

அதுதான் முதல் சான்று. பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்தவர்களும், பஞ்சாபியரும், வங்காளியரும், தோட்டத்துத் தமிழரும் ஒரே அணியில் நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் கட்டளைகள் இந்துஸ்தானியில்தான் வழங்கப்பட்டன. எழுத்துக்கு உரோமன் எழுத்தைப் பயன்படுத்தினார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத, தமிழைத் தவிரச் சந்தை மலாய் மட்டுமே தெரிந்த ஒரு பால்மரத் தொழிலாளிக்கு “தாகினே முட்” வேறு எந்த வழியில் கிடைத்திருக்கும்? ஆகவே தாத்தா படையில் இருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இம்பால்தான் கேள்வி.

தேடத் தொடங்கிய பிறகுதான் ஓர் உண்மை உறைத்தது. பேரப்பிள்ளைகள் தம் தாத்தாவின் போர்க்காலத்தைத் தேடுவது உலகில் பெரும் பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியப் படையில் இருந்தவரின் பேரன் ஓர் எண்ணைத் தட்டினால் தாத்தா கையெழுத்திட்ட தாளையே கணினியில் பார்த்துவிடலாம். முதல் உலகப் போரில் பஞ்சாபிலிருந்து சென்ற படைவீரர்களின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்தன. ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி 2021இல் இணையத்துக்கு வந்தது. ஊர்ப் பெயரைக் கொடுத்துக் கொள்ளுப்பாட்டனைக் கண்டெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அச்செய்தியைப் படித்த இரவு நானும் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். பஞ்சாபியரின் ஏட்டில் கூலிம் தோட்டத்துத் தமிழன் எப்படி இருப்பான்? அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் ஏடுகளில் தாத்தா இருக்க வழியில்லை. அவர் அந்தப் படையில் சேர்ந்தவரே அல்லர். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் முக்கியமாக விசாரித்தது தங்கள் படையிலிருந்து பிரிந்துபோன சிப்பாய்களைத்தான். அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்துக் கோப்பு எழுதினார்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் கூண்டேற்றப்பட்ட ஷாநவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் அத்தகைய அதிகாரிகளே. தோட்டத்திலிருந்து போனவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் தோட்டத்துக்கே வந்துவிட்டான். அவனுக்கு எந்த நிறமும் கிடைக்கவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல்களிலும் இந்திய தேசிய ராணுவத்தினருக்கு இடமில்லை.

பெயரிலும் ஒரு தொல்லை உண்டு. தோட்டத்துப் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பெயரை ஒரு கிராணியார் ஒரு விதமாகவும் அடுத்தவர் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தாத்தாவின் பெயர் அவருடைய திருமணப் பத்திரத்தில் ஒன்று, சிவப்பு அடையாள அட்டையில் ஒன்று, என் தந்தையின் பிறப்புப் பத்திரத்தில் மற்றொன்று. நல்லவேளையாக, இறப்புப் பத்திரம் எழுதியவர் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிவிட்டார்.

இனி அந்த ஒலிப்பதிவுக்கு வருகிறேன். 2012இல் லூனாசில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். தாத்தாவோடு அதே லயத்தில் வளர்ந்தவர். அப்போது வயது 85. பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் ஒன்றுக்காகத் தோட்டத்துப் பழைய செய்திகளைக் கேட்கப் போயிருந்தேன். அவர் பேசியதைக் கைப்பேசியில் பதிந்தேன். பாதியில் அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதாக எனக்குத் தோன்றியது. “ஒன் தாத்தன் பட்டாளத்துக்குப் போனப்ப கூலிம்ல சயாம்காரன் ஆட்சிம்மா” என்றார். சப்பான்காரன் ஆட்சிதானே தாத்தா என்று திருத்தினேன். “சப்பான்காரனும் இருந்தான், சயாம்காரனும் வந்தான்” என்று அழுத்திச் சொன்னார். வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று எண்ணி அந்தப் பகுதியை மலரில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார்.

குழம்பியவள் நான். மாணவியின் கேள்விக்குப் பிறகு படிக்க உட்கார்ந்தபோதுதான் அது விளங்கியது. சப்பானிய அரசு கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் தாய்லாந்துக்குக் கொடுத்துவிட்டது. 1943 ஆகஸ்டு 20இல் உடன்படிக்கை. அக்டோபர் 18இல் ஒப்படைப்பு. கெடாவுக்குச் ‘சைபுரி’ என்று பெயர் வைத்துச் சயாம் அதிகாரிகள் வந்து அமர்ந்தார்கள். சப்பானியப் படையும் இருந்தது. போர் முடியும் வரை இந்த இரட்டை ஆட்சி நீடித்தது. பெரியவர் ஒரு சொல்கூடத் தவறாகச் சொல்லவில்லை. கெடாவிலேயே பிறந்து வளர்ந்து, வரலாறும் கற்பிக்கும் நான் அவரைத் திருத்தப் பார்த்ததை நினைத்தால் இன்றும் முகம் சிவக்கிறது.

அந்த ஒற்றைச் சொல்லால் ஒரு நாள் கிடைத்தது. தாத்தா படைக்குப் போனது 1943 அக்டோபர் 18க்குப் பிறகு. ஒலிப்பதிவை மீண்டும் கேட்டேன். இன்னொரு குறிப்பும் அதிலேயே இருந்தது. “தீவாளிக்குத் துணி இல்ல, எண்ண இல்ல. அது முடிஞ்ச கையோட போயிட்டான்” என்கிறார். அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் இறுதியில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்புதான், அக்டோபர் 21ஆம் நாள், சிங்கப்பூர் கேத்தே மண்டபத்தில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அறிவிப்புச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவிய நாள்கள் அவை. ஆள் சேர்ப்பவர்கள் வந்துபோன நாள்களும் அவையே.

இப்போது இம்பாலை அருகில் வைத்துப் பார்ப்போம். இம்பால் போர் 1944 மார்ச்சில் தொடங்கி சூலையில் முடிந்துவிட்டது. அங்கே சென்ற இந்திய தேசிய ராணுவத்தின் முதலாம் பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பழைய சிப்பாய்கள். அப்பிரிவின் சுபாஷ் படையணி 1943 செப்டம்பரிலேயே தைப்பிங்கில் அமைக்கப்பட்டுவிட்டது. மலாயாவில் புதிதாகச் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்களில் பலர் இரண்டாம் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் சென்றனர். இரண்டாம் பிரிவு 1945இல் பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில் போரிட்டது. மூன்றாம் பிரிவு மலாயாவை விட்டு நகரவே இல்லை. பெரியவர் சொன்னபடி தாத்தாவின் பயிற்சி முகாம் ஈப்போவில். நேதாஜி இறந்த செய்தி வந்த அதே மாதத்தில், அதாவது 1945 ஆகஸ்டில், அவர் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். பர்மாவிலிருந்து தோல்வியோடு திரும்பியவர்கள் சிறைப்பட்டு, முகாம்களில் கிடந்து, பல மாதங்கள் கழித்துத்தான் வீடு பார்த்தார்கள்.

ஆகத் தாத்தா இம்பாலுக்குப் போகவில்லை. ஈப்போவுக்குத்தான் போனார். கூலிமிலிருந்து ஈப்போ இன்றைய நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பயணம்!

கணக்கு முடிந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தந்தையார் 2015இல் தவறிவிட்டார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டிய நெருக்கடி எனக்கு வராமல் போயிற்று என்று ஒரு கணம் ஆறுதல் கொண்டேன், உடனே வெட்கப்பட்டேன். அத்தை இருக்கிறார். ஓர் அமைப்பினர் அவரை மேடையில் ஏற்றி “இம்பால் வீரரின் மகள்” என்று பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

ஆனால் பெரியவரின் பதிவில் நான் கவனிக்காமல் விட்டது இன்னும் இருந்தது. தாத்தா ஏன் போனார் என்று நான் கேட்டிருக்கிறேன். நாட்டுப்பற்று என்ற விடையை எதிர்பார்த்த குரலில் கேட்டிருக்கிறேன்; இப்போது கேட்டால் தெரிகிறது. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பின்னால் கோழி கத்துகிறது. அதன் பிறகு, “அண்ணன்காரன் ரயிலுக்குப் போயிட்டான்ல” என்கிறார்.

ரயில் என்று எங்கள் பக்கத்தில் மொட்டையாகச் சொன்னால் அது சயாம் மரண ரயில்தான். தாய்லாந்தின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை. 1942இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். இதற்காகச் சப்பானியர் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளைப் பயன்படுத்தினர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் மட்டும் 75,000க்குக் குறையாது. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். மாண்ட ஆசியர்களின் தொகையை 90,000 வரையிலும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். ஒரு தொகையிலிருந்து இன்னொரு தொகைக்குப் பல்லாயிரம் பேர் வேறுபடுகிறார்கள் என்றால் யாரும் எண்ணவில்லை என்று பொருள்.

தோட்டங்கள் அன்றிருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றுவிட்டது. துரைமார் ஓடிவிட்டனர். வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கே சோறு, சாக்கே உடை. அந்த நேரத்தில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று கூறினால் முதலில் சிலர் தாமாகவே போகத்தான் செய்வார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் அடுத்து யாரும் போகவில்லை. அதன் பிறகு பட்டியல் வந்தது. லயத்துக்கு இத்தனை பேர் என்று கங்காணியிடம் கணக்குக் கேட்டார்கள்.

தாத்தாவின் அண்ணன், என் பெரிய தாத்தா, 1943 சித்திரை வாக்கில் புக்கிட் மெர்த்தாஜாமில் ரயிலேறினார். மே, சூன் மாதங்களில் மழை பிடித்துக்கொண்டது. முகாம்களில் காலரா பரவியது. பாதையை விரைந்து முடிக்கச் சொல்லி அடித்து வேலை வாங்கிய மாதங்களும் அவையே. பெரிய தாத்தாவைப் பற்றி அதன் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை.

பாதை முடிந்தும் ஆள் எடுப்பது நிற்கவில்லை. குண்டு வீச்சில் உடையும் பாலங்களைச் செப்பனிட வேண்டும், எஞ்சினுக்கு விறகு வெட்ட வேண்டும். தீபாவளிக்கு முன்பு அடுத்த பட்டியல் வந்தது என்கிறார் பெரியவர். “அதுல ஒன் தாத்தன் பேரு இருந்துச்சு. அவுங்க ஆத்தா வந்து கங்காணி கால்ல வுழுந்துச்சு. ஒரு புள்ளய குடுத்துட்டேன், இவன விட்டுருன்னு அழுவுச்சு. அப்பதான் லீக்குக்காரங்க வந்தாங்க. பட்டாளத்துல பேரு குடுத்தவன சப்பான்காரன் ரயிலுக்கு இழுக்க மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். மறுநாளே பேரு குடுத்துட்டான்.”

‘லீக்’ என்பது இந்திய சுதந்திர சங்கம். மலாயா முழுவதும் கிளைகள் கொண்டிருந்த அச்சங்கம்தான் படைக்குப் பணமும் ஆளும் திரட்டியது. ரயிலுக்குத் தப்பப் பலர் இப்படிப் படையில் சேர்ந்தார்கள் என்பது ஆய்வாளர்களும் எழுதியிருக்கும் செய்தி. அதைப் படித்தபோது பொதுச் செய்தியாகத்தான் தெரிந்தது. என் கொள்ளுப்பாட்டி கங்காணியின் காலில் விழுந்தது எந்த நூலிலும் இல்லை.

இதனால் தாத்தாவின் வீரம் குறைந்துவிட்டதா என்று சில நாள்கள் எனக்குள்ளேயே வாதாடினேன். நண்பர் ஒருவரிடம் பேசியபோது, “அப்படியானால் உயிருக்குப் பயந்து சேர்ந்தார் என்று சொல்லுங்கள்” என்றார். பத்தொன்பது வயதில், அண்ணனை இழந்தவன், தாயைத் தனியே விட்டுவிட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார்? நான் அவரிடம் அப்போது கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

தேசப்பற்றே இல்லாமல் போனார் என்றும் நான் சொல்ல மாட்டேன். காரணம், திரும்பி வந்த பிறகு அவர் செய்தது.

கெடா வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கலாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்தது நம் கெடா மண்ணில்தான். 1941 டிசம்பரில் ஜித்ரா போரில் பிரிட்டிஷ் படை சிதறியபோது பின்தங்கிய கேப்டன் மோகன் சிங், அலோர் ஸ்டாரில்தான் சப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவோடு பேசி அம்முயற்சியைத் தொடங்கினார். அதன் கடைசிக் கிளை முளைத்ததும் கெடாவிலேதான். போர் முடிந்து துரைமார் திரும்பினார்கள்; பழைய சம்பளமும் பழைய கள்ளுக்கடையும் திரும்பின. 1946 அளவில் பீடோங் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் ‘தொண்டர் படை’ எழுந்தது. சீருடை அணிந்து, கையில் கம்பு ஏந்தி, நேதாஜி படையில் கற்ற அதே அணிநடையோடு இளைஞர்கள் தோட்டம் தோட்டமாகத் திரண்டார்கள். அவர்களுடைய முதல் குறி கள்ளுக்கடை. சம்பளத்தைத் தோட்டத்துக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் அக்கடைகளின் வாசலில் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் காவல்துறையோடு மோதல் மூண்டது. சில நாள்களில், மார்ச் தொடக்கத்தில், நம் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் காவல்துறையினர் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தலைவர்கள் சிறை சென்றனர். தொண்டர் படை ஒடுக்கப்பட்டது.

அந்த மறியலில் தாத்தா எங்கே இருந்தார்? பெரியவரின் குரலிலேயே கேளுங்கள்: “சண்டையெல்லாம் அவன் போடலம்மா. ஈப்போவுல தோட்டம் கொத்தி கீரை போட்டுக்கிட்டு இருந்தானுங்க. திரும்பி வந்து கள்ளுக்கடை வாசல்லதான் நின்னான். பத்துப் பதினைஞ்சு பயலுவள வரிசையா நிறுத்தி ஏதோ பாசையில கத்துவான். அவனுங்களும் திரும்புவானுங்க. அதுக்கு முன்னாடி துரைய பாத்தா சைக்கிள விட்டு எறங்கி நிப்போம். அதுக்கப்புறம் எறங்கல.”

சைக்கிளை விட்டு இறங்காத செய்தியை இம்முறை நான் விடவில்லை. துரையோ வெள்ளைக்காரரோ எதிரில் வந்தால் தோட்டத்துத் தமிழன் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் மலாயாத் தோட்டங்களில் இருந்தது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் அவ்வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பட்டாளத்தார் சுட்டு அவ்வேலைநிறுத்தத்தை அடக்கினார்கள். ஆறு ஆண்டு கழித்துக் கூலிமில் ஒரு கூட்டம் கேட்காமலேயே அதை நிறுத்திவிட்டது.

தாத்தா இதை எல்லாம் எங்களிடம் ஏன் சொல்லவில்லை? 1948 சூனில் அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், அணிவகுத்தவர்கள், கூட்டம் கூட்டியவர்கள் எல்லார்மேலும் கண் விழுந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவரும் நேதாஜி படையில் இருந்தவரே. அந்த ஆண்டில் தாத்தா மணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தார். வாயை மூடிக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். நாற்பது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளிடம் மட்டும், அதுவும் அவர்களுக்குப் புரியாத மொழியில், நாலு சொல் வெளியே வந்தது.

சரி, அத்தையிடம் சொன்னேனா? சொன்னேன். சென்ற ஆடி மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் சயாம் ஆட்சி, பிறகு ஈப்போ, பிறகு தேதிகள் என்று வகுப்பில் பாடம் நடத்துவதுபோலச் சுற்றிவளைத்துப் பேசினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவே இல்லை.

“தாத்தா இம்பாலுக்குப் போகல அத்தை.”

“தெரியும்மா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எங்கப்பா வாயில அந்தப் பேரு ஒரு நாளும் வந்ததில்ல. ஒங்கப்பாதான் சொல்லுவாரு. அண்ணன் எங்கியோ புத்தகத்துல படிச்சிட்டு வந்து சொல்ல ஆரம்பிச்சாரு. எங்கப்பா கேட்டுட்டுப் பேசாம எழுந்து போயிருவாரு. அண்ணனுக்கு அதுல ஒரு சந்தோசம். நான் எதுக்குக் கெடுக்கணும்?”

“அப்ப அந்தப் பொன்னாடை?”

“போத்துறப்ப வேணாம்னு சொல்றதாம்மா?” என்று சிரித்தார். பிறகு கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்பை எடுத்து வந்தார். பழைய பித்தளைச் செம்பு. தாத்தா ஆடி அமாவாசைதோறும் மூன்று இலை போடுவாராம். ஒன்று அவருடைய தந்தைக்கு, ஒன்று தாய்க்கு. மூன்றாவது இலையில் சோற்றோடு இந்தச் செம்பையும் வைப்பார். அது அண்ணனுடையது. ரயிலுக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டாம், திருடு போய்விடும் என்று தாயிடம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

“பெரியப்பா செத்த நாளு தெரியாதுல்ல. நாளு தெரியாதவங்களுக்கு அமாவாசதான். எங்கப்பா ஒங்கப்பாவுக்கு அவரு பேரத்தான் வச்சாரு. அதனால வீட்டுல அண்ணனை யாரும் பேரு சொல்லித் திட்டக் கூடாது. எங்கம்மாகூட ‘பெரியவனே’ன்னுதான் கூப்புடும்.”

என் தந்தையின் பெயர் யாருடைய பெயர் என்று நாற்பது வயதைக் கடந்த பிறகு அன்றுதான் அறிந்தேன். அந்தப் பெயரைத்தான் என் பெயருக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகளாக எழுதி வருகிறேன்.

புறப்படும்போது அத்தை கேட்டார்: “இம்பால விடும்மா. பெரியப்பா எந்த எடத்துல செத்தாருன்னு கண்டுபுடிக்க முடியுமா?”

காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணுகிறார்கள். அந்நகரத்தின் தவோன் வராராம் கோயில் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துப் புதைத்த இடம் இருக்கிறது. தமிழர்களுக்காக 2023 மே மாதத்தில் அங்கே ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. வரும் பள்ளி விடுமுறையில் அத்தையை அழைத்துக்கொண்டு போகிறேன். புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து பாடாங் பெசார் வரை ரயிலிலேயே போகலாம் என்று சொன்னேன். அத்தைக்கு அதில் விருப்பமில்லை. பேருந்தில் போகலாம் என்றார். செம்பை எடுத்துக்கொண்டு வருவதா வேண்டாமா என்று இன்னும் அவர் முடிவு செய்யவில்லை.